கள்ளும் மெஸ்கலும்: மலைக்கு இந்தப்பக்கம் குற்றம், அந்தப்பக்கம் தொழில்

ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். போடிநாயக்கனூர் வழியாகப் போனால் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேலே போடிமெட்டு. அங்கே ஒரு செக்போஸ்ட். அதைத் தாண்டினால் கேரளா. கேரளச் சாலைகளில் போனவர்களுக்குத் தெரியும், கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர் அடிக்கடி கண்ணில் படும்: கள்ளு ஷாப்பு.

உள்ளே மேஜை, பெஞ்சு, வேகவைத்த கப்பை, காரமான மீன்கறி. அரசாங்க லைசென்ஸ் உண்டு. கள் இறக்குகிறவருக்குச் சேமநல நிதியும் பென்ஷனும் உண்டு. அதே கள்ளை மலைக்குக் கீழே, கம்பம் பள்ளத்தாக்கின் ஏதாவது ஒரு தென்னந்தோப்பில் இறக்கினால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி குற்றம். மரமும் பாளையும் கலயமும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் செக்போஸ்ட் மட்டும்தான் வித்தியாசம்.

இது எப்படி வந்தது? ஒழுக்கம் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. கணக்குப் பாடம் படித்தவர்களுக்கு எளிதில் புரியக்கூடிய இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பார்க்கும் முன் ஒரு தடவை மெக்சிகோ வரை போய்விட்டு வரலாம்.

கற்றாழையிலிருந்து ஒரு பானம்

தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் வேலியோரமாகப் பெரிய பெரிய முள் மடல்களோடு ஒரு செடி நிற்கும். ஆனைக் கற்றாழை என்பார்கள். அதன் இன்னொரு வகையை ரயில் கற்றாழை என்பார்கள். நம் ஊரில் நார் எடுப்பதற்கும் ஆடு மாடு உள்ளே வராமல் இருப்பதற்கும்தான் இவை பயன்பட்டன. இவற்றின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே இந்தக் கற்றாழைக் குடும்பத்திலிருந்து வடிக்கும் கிராமத்துப் பானத்தின் பெயர்தான் மெஸ்கல். நாவாட்டில் என்ற பழங்குடி மொழியில் 'சுட்ட கற்றாழை' என்று அர்த்தம்.

ஒஆஹாகா என்ற மாநிலம் இதற்குப் பேர் போனது. கற்றாழையை நட்டு ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். காட்டு வகைகளுக்கு அதைவிட அதிகம். பிறகு மடல்களைச் சீவி எறிந்துவிட்டு நடுத்தண்டை மட்டும் எடுப்பார்கள். பார்க்க அன்னாசிப் பழம் போல இருப்பதால் அதற்குப் பெயரும் அன்னாசிதான். தரையில் குழி வெட்டி, விறகு எரித்து, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் இந்தத் தண்டுகளை அடுக்கி மண்ணைப் போட்டு மூடி நாள்கணக்கில் வேகவிடுவார்கள். புகை வாசனை அங்கேதான் ஏறுகிறது. வெந்ததைக் கல் உருளையில் நசுக்குவார்கள். நம் ஊர்ச் செக்கு மாதிரி, அங்கே குதிரையோ கழுதையோ இழுக்கும். பிறகு மரத்தொட்டியில் புளிக்கவிட்டு, செம்புப் பானையிலோ மண்பானையிலோ இரண்டு முறை வடிப்பார்கள். ஊற்றும்போது மேலே எழும் நுரைமுத்து எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கிறது என்று பார்த்தே வடிப்பவர் வீரியத்தைச் சொல்லிவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெக்சிகோக்காரர்களுக்குப் புளித்த கற்றாழைச் சாறு (புல்கே என்று பெயர்) ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகத் தெரியும். ஆனால் அதை வடிக்கும் வித்தை அங்கே எங்கிருந்து போயிற்று? ஸ்பானியர்கள் கொண்டு போனார்கள் என்பது ஒரு பதில். இன்னொரு பதிலைப் பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மணிலாவிலிருந்து போன கப்பல்களில் பிலிப்பைன்ஸ் ஆட்கள் மெக்சிகோவின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கொலிமா என்ற இடத்தில் தென்னை நட்டு, கள் இறக்கி, அதை வடித்துத் தேங்காய்ச் சாராயம் செய்தார்கள். அவர்கள் வைத்த அடுப்பையும் பானையையும் பார்த்துத்தான் உள்ளூர்க்காரர்கள் கற்றாழையை வடிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பது இவர்கள் கருத்து. அப்படியானால் இன்று உலகம் கொண்டாடும் மெஸ்கலுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார் தென்னங்கள்!

அந்தத் தேங்காய்ச் சாராயத்துக்கு என்ன ஆயிற்று? ஸ்பெயினிலிருந்து வரும் ஒயின் விற்கவில்லை என்று 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காலனி அரசு அதைத் தடை செய்தது. 1785-ல் கற்றாழைச் சாராயத்துக்கும் அதே காரணத்துக்காகத் தடை போட்டது. ஆனால் கிராமத்தார் ஒளித்து வைத்து வடித்தார்கள். வேலை அழியவில்லை. 1994-ல் மெஸ்கல் என்ற பெயருக்கு மெக்சிகோ அரசு சட்டப் பாதுகாப்பே கொடுத்துவிட்டது. குறிப்பிட்ட பகுதிகளில் செய்தால்தான் அந்தப் பெயர் போடலாம். பிறகு வந்த விதிகள் ஆலையில் செய்தது, கைவினையாகச் செய்தது, மூதாதையர் முறையில் செய்தது என்று மூன்றாகப் பிரித்து லேபிளில் எழுதச் சொல்கின்றன.

நம் சாடியில் இருந்தது

தமிழ்நாட்டுக் கதை இதைவிடப் பழையது. சங்க இலக்கியத்தில் கள், நறவு, தேறல், தோப்பி, பிழி, மட்டு என்று இத்தனை பெயர்கள் இருக்கின்றன. ஒரு பொருளுக்கு ஊரில் எத்தனை வகை இருக்கிறதோ அத்தனை பெயர் இருக்கும் என்பது பொது விதி.

பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள் செய்யும் முறையே வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளையைப் பிசைந்து சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, பிறகு விரலால் பிழிந்து அரிக்கிறார்கள். இன்றைக்கு யாராவது ஒரு சமையல் குறிப்பு எழுதினால் இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. மலைபடுகடாம் மலைவாசிகளின் பானத்தைச் சொல்கிறது. தேனால் செய்து மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறல் அது. அதாவது குறிஞ்சி நிலத்தில் தேனும் மூங்கிலும், வயல் பக்கம் அரிசி, பனை நிற்கும் பக்கம் பனை. எந்த மண்ணில் எது விளைகிறதோ அதுதான் அந்த ஊரின் பானம்.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாடல். அதில் ஔவை முதலில் நினைத்துக்கொள்வதே அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தைத்தான். அதே சமயம், திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. ஆக, கள்ளைப் பற்றிய சண்டையும் கள்ளைப் போலவே பழையதுதான். இரண்டு பக்கமும் தமிழில் ஆதாரம் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 'இதுதான் நம் பண்பாடு' என்று சொல்ல முடியாது.

மரத்தின் மேலே நடக்கும் வேலை

கள் என்பது தயாரிக்கும் பொருள் இல்லை, இறக்கும் பொருள். பூ விரியாத பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, பதமாகத் தட்டி அல்லது கடிப்பால் நசுக்கி, நுனியை மெல்லியதாகச் சீவ வேண்டும். சில நாள் இப்படிச் செய்த பிறகு சாறு சொட்ட ஆரம்பிக்கும். கீழே கலயம் கட்டுவார்கள். காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் காயம் காய்ந்து சாறு நின்றுவிடும். கொஞ்சம் ஆழமாகச் சீவினால் பாளை வீணாகிவிடும். இந்தக் கைப்பதம்தான் தொழில்.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. அதுதான் பதநீர். தெற்கே பதனி, கொங்குப் பக்கம் தெளுவு, யாழ்ப்பாணத்தில் கருப்பநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே சாறு கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு, அவ்வளவுதான்!

காற்றிலும் கலயத்தின் சுவரிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் சாற்றில் இருக்கும் சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகின்றன. யாரும் எதையும் சேர்ப்பதில்லை. நேற்றைய கள்ளின் கசடு இன்றைய கள்ளுக்கு உறை. தயிருக்கு உறை குத்துவது மாதிரிதான். ஆப்ப மாவு பொங்கக் கள் ஊற்றிப் பிசைவதும் இதனால்தான்.

ருசி

ஒரே கலயத்துக் கள்ளுக்கு ஒரு நாளில் மூன்று ருசி. விடியற்காலையில் இறக்கியது இனிப்பு. இளநீரில் லேசாக நுரை கட்டியது போல இருக்கும். வெயில் ஏற ஏற இனிப்பு குறைந்து, நாக்கில் சுருக்கென்று பிடிக்கும். அப்போது அதில் சாராயம் ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதம், ஒரு பீர் அளவுதான். சாயங்காலத்துக்கு மேல் புளிப்பு முந்திக்கொள்ளும். மறுநாள் அது காடி.

மரத்துக்கு மரமும் மாறும். தென்னங்கள் மென்மையானது, வருஷம் முழுக்கக் கிடைக்கும். பனங்கள் கனமானது, கொஞ்சம் மண்வாசனை கலந்த இனிப்பு, பனைக்குப் பருவம் உண்டு. ஈச்சங்கள் தனி ரகம். மலைப்பக்கம் காடுகளில் கூந்தல் பனை என்று ஒரு மரம் உண்டு, குதிரை வால் போலக் கொத்துக் கொத்தாகப் பூ தொங்கும். இடுக்கியில் அதைச் சூண்டப்பனை என்கிறார்கள். அதிலிருந்தும் கள் இறக்குகிறார்கள். இலங்கையில் இதையே கித்துல் என்று சொல்லிப் பாகு காய்ச்சுகிறார்கள். பழகிய நாக்கு உள்ளவர்கள் பல மரத்துக் கள்ளைக் கலந்ததை விரும்ப மாட்டார்கள், ஒரு மரத்துக் கள்தான் கேட்பார்கள்.

மெஸ்கல்காரர்கள் பாட்டிலில் கற்றாழை வகை, ஊர், வடித்தவர் பெயர் எல்லாம் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அதே ரசனை இங்கேயும் இருந்தது. லேபிள் மட்டும்தான் இல்லை.

வடித்தால் சாராயம்

புல்கேவுக்கு மெஸ்கல் எப்படியோ, கள்ளுக்குச் சாராயம் அப்படி. நம் ஊரில் கள்ளை வடித்ததைவிட வெல்லத்தை ஊறப்போட்டு வடித்தது அதிகம். அதில் வெள்வேலம் பட்டையைச் சேர்ப்பார்கள். பட்டைச் சாராயம் என்ற பெயர் அதனால் வந்தது. பட்டையின் துவர்ப்பு ஊறலுக்கு ஒரு பிடிமானம் கொடுக்கும். ஆங்கிலத்தில் இந்த மரத்துக்கே 'சாராயம் வடிப்பவரின் வேலமரம்' என்று பொருள் வரும்படி ஒரு பெயர் இருக்கிறது என்றால் வழக்கம் எவ்வளவு பரவலாக இருந்திருக்கும்!

'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று ஒரு பழமொழி சொல்வார்கள். மத்திய இந்தியாவில் அந்த இலுப்பையின் கூடப்பிறந்த மரமான மகுவாவின் பூவைத்தான் பழங்குடி மக்கள் ஊறவைத்து வடித்தார்கள்.

வரி நுழைந்த கதை

இப்போது கணக்கு. கள்ளில் ஒரு பெரிய குறை உண்டு, அரசாங்கத்தின் கண்ணோட்டத்தில். அதை ஸ்டாக் வைக்க முடியாது. லாரியில் ஏற்றி தூரத்துக்கு அனுப்ப முடியாது. காலையில் இறக்கினால் ராத்திரிக்குள் விற்க வேண்டும். ஆயிரக்கணக்கான மரம், ஆயிரக்கணக்கான ஆள். எங்கே எவ்வளவு உற்பத்தி என்று யார் எண்ணுவது? ஆலையில் வடித்த சாராயம் என்றால் ஒரு வாசலில் ஒரு அதிகாரியை உட்கார வைத்து ஒவ்வொரு பீப்பாய்க்கும் வரி வசூலிக்கலாம்.

பிரிட்டிஷ் அரசு இதைத்தான் செய்தது. 1886-ல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் வந்தது. கள் இறக்கும் மரத்துக்கு மர வரி. மரத்துக்கு மரம் அடையாளம் போட்டு எண்ணினார்கள். கடைகளை ஏலம் விட்டார்கள். கிராமத்தில் வடிப்பது குற்றமாயிற்று. சாராயம் பெரிய வடிசாலைகளிலிருந்து மட்டும் வந்தது. பம்பாய் மாகாணம் 1892-ல் மகுவாப் பூவைக் கட்டுப்படுத்தவே தனிச் சட்டம் போட்டது. சாராயத்தை அல்ல, பூவை! மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்கி வைத்திருப்பதையே சந்தேகிக்கும் அளவுக்கு வரியின் கை நீண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் கஜானாவுக்கு நில வரிக்கு அடுத்த பெரிய வரவு ஆப்காரிதான்.

இதனால் மதுவிலக்கு என்பது தேசியப் போராட்டத்தின் ஆயுதமாகவும் ஆயிற்று. கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தால் குடியை மட்டுமல்ல, வெள்ளைக்காரன் வருமானத்தையும் தடுக்கிறோம் என்று அர்த்தம். 1921-ல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் இறங்கினார்கள். பெரியார் தன் தோப்பில் கள் இறக்க விட்டிருந்த தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார்.

சேலத்தில் ஆரம்பித்தது

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1, 1937 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. பிறகு சித்தூர், கடப்பா, வட ஆர்க்காடு என்று விரிந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க ராஜாஜி கொண்டுவந்ததுதான் 1939-ன் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் பொதுவான விற்பனை வரிக்கு அதுதான் ஆரம்பம். வணிகவியல் மாணவர்கள் பக்கம் பக்கமாகப் படிக்கும் விற்பனை வரி பிறந்தது சேலத்துக் கள்ளுக்கடைகள் மூடியதால் என்பதை எத்தனை பாடப் புத்தகங்கள் சொல்கின்றன?

யுத்த காலத்தில் மதுவிலக்கு நின்றது. 1946-ல் மறுபடி ஆரம்பித்து, அக்டோபர் 2, 1948 முதல் மாகாணம் முழுவதும் வந்தது. மலைக்கு மேலே அப்போது திருவிதாங்கூர்-கொச்சியின் ஆட்சி வரப்போகும் காலம், சட்டம் வேறு. 1956-ல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளம், பீருமேடு பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் பலிக்கவில்லை. அந்த எல்லைக் கோடு அப்படியே போடிமெட்டில் நின்றுவிட்டது. அன்றைக்கு யாரும் கள்ளை நினைத்துக் கோடு போடவில்லை. ஆனால் கள்ளின் தலையெழுத்தையும் அந்தக் கோடுதான் எழுதியது.

திறப்பும் மூடலும்

ஆகஸ்ட் 30, 1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1974-க்குள் கள், சாராயக் கடைகள் மறுபடி மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. 1983-ல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம் வந்தது. ஜனவரி 1, 1987 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 1990-ல் மலிவு விலை மது என்று சாராயம் மட்டும் திரும்ப வந்து, 1991-ல் ஜெயலலிதா அரசால் நிறுத்தப்பட்டது. கள் திரும்ப வரவே இல்லை. நவம்பர் 2003-ல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். 1987-ல் தடை செய்யப்பட்டது குடி அல்ல. கிராமத்தில் விளையும் குடி. 'இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மதுவகை' என்று அரசாணைகள் நீளமாகச் சொல்லும் சரக்கு தடையில்லாமல் ஓடியது. அது பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகிலிருந்து எடுத்த ஆல்கஹால்தான். அதில் நிறமும் வாசனையும் சேர்த்துப் பிராந்தி, விஸ்கி, ரம் என்று பெயர் ஒட்டுகிறார்கள். அதற்கு ஊர் இல்லை, பருவம் இல்லை, மரம் இல்லை. ஆனால் ஆலை வாசல் உண்டு, பாட்டில் எண்ணிக்கை உண்டு. வரி போட இதைவிட வசதியான பொருள் வேறு கிடையாது.

வசதி எவ்வளவு? 2003-04-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் சுமார் 3,600 கோடி ரூபாய். 2023-24-ல் சுமார் 45,800 கோடி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது விற்பனை வரியில் பெரும்பகுதி மாநிலத்தின் கையைவிட்டுப் போயிற்று. ஆனால் குடிக்கும் மது மட்டும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நின்றது. மதுவிலக்குக்காக 1939-ல் பிறந்த விற்பனை வரி போய்விட்டது. அந்த இடத்தில் இன்று மாநில அரசு சாய்ந்து நிற்கும் தூண்களில் ஒன்று மது. சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

கேரளாவும் சாராயத்தை 1996-ல் ஏ.கே. அந்தோணி காலத்தில் தடை செய்தது. ஆனால் கள்ளைத் தொடவில்லை. கள் தொழிலாளர் சேமநல நிதிச் சட்டம் அங்கே 1969-லேயே வந்துவிட்டது. தென்னை அதிகம் இல்லாத பகுதிகளின் கடைகளுக்கு பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கத்துத் தோப்புகளிலிருந்து பெர்மிட் வண்டிகளில் கள் போகிறது. சித்தூருக்குப் பக்கத்து ஊர் நம் பொள்ளாச்சி. அங்கேயும் தென்னைதான், அங்கே பெர்மிட் இல்லை!

கோவாவில் முந்திரிப் பழத்தை மிதித்துச் சாறெடுத்து, புளிக்கவைத்து, பானையில் வடிக்கிறார்கள். முதல் வடிப்பு உர்ராக், அதைத் திரும்ப வடித்தால் ஃபெனி. முந்திரியைப் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். அதற்கு முன்பே அங்கே தென்னங்கள்ளிலிருந்து வடித்த ஃபெனி இருந்தது என்று சொல்வார்கள். 2009-ல் கோவா முந்திரி ஃபெனி புவிசார் குறியீடு வாங்கியது. 2016-ல் அதை மாநிலத்தின் பாரம்பரியப் பானம் என்று கோவா அறிவித்தது. மத்தியப் பிரதேசம் 2022-ல் மகுவாவுக்குப் பாரம்பரிய மது என்ற தகுதி கொடுத்தது. 1892-ல் ஒரு மாகாணம் பூவையே சந்தேகித்த நாட்டில்!

கடல் தாண்டினால் யாழ்ப்பாணம். அங்கே கள்ளுக்கடைக்குத் தவறணை என்று பெயர், ஐரோப்பியர் விட்டுப்போன சொல். மரம் ஏறுகிறவர்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறார்கள். பனங்கள்ளைப் பாட்டிலில் அடைக்கிறார்கள். வடமராட்சியில் திக்கம் வடிசாலை பனஞ்சாராயம் வடிக்கவே கட்டப்பட்டது. பனை அபிவிருத்திச் சபை என்று 1978-ல் அரசே ஒரு அமைப்பு வைத்தது. அதே 1978-ல்தான் தமிழ்நாடு பனையை மாநில மரமாக அறிவித்தது என்பது ஒரு விசித்திரமான பொருத்தம்.

எதிர்த்தரப்பு சொல்வதும் பொய்யில்லை

கள்ளை அமுதம் என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் கூலி முழுவதும் கள்ளுக்கடையில் கரைந்து, ராத்திரி அடி வாங்கிய பெண்களின் கதையும் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது. மதுவிலக்குக்கு ஓட்டுப் போட்டவர்களில் அவர்கள்தான் முன்வரிசை.

மரம் ஏறியவருக்கு மரியாதையும் கிடைத்ததில்லை. சாதியைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்ட தொழில் அது. 1910-ல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் தன் சமூகத்தாரைக் கள் இறக்குவதை விட்டுவிடும்படி சொன்னதற்குக் காரணம் உண்டு. பனையேறியின் மகன் திரும்பவும் பனை ஏற வேண்டும் என்று ஏறாதவர்கள் ஆசைப்படுவது ஒரு மாதிரியான ஆசைதான். மரத்திலிருந்து விழுந்து செத்தவர்கள், இடுப்பொடிந்து கிடந்தவர்கள் எத்தனை பேர்!

கலப்படமும் உண்மை. செப்டம்பர் 2010-ல் கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில் கள்ளில் விஷச் சாராயம் கலந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி.

ஆனால் தடை இருந்தால் மட்டும் போதுமா? ஜூன் 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தால் இறந்தார்கள். வெல்லத்தையும் பட்டையையும் ஊறவைத்து வடித்தால் மெத்தனால் இந்த அளவுக்கு வராது. அது தொழிற்சாலைக்குப் போக வேண்டிய ரசாயனம், பாக்கெட்டுக்குள் வந்த விஷம். கிராமத்துச் சாராயம் என்று அதைச் சொல்வதே தவறு. பானையும் அடுப்பும் பதமும் தெரிந்த ஆள் போனபிறகு, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் கேன்.

கணக்கில் வராதது

2017-ல் தமிழ்நாடு அரசு தென்னையிலிருந்து நீரா இறக்க அனுமதி கொடுத்தது. புளிக்காத சாறு. கள்ளுக்கு அனுமதி கேட்டு விவசாயிகள் இயக்கங்கள் பல வருஷமாகப் போராடுகின்றன. கள் உணவா, போதையா என்ற விவாதம் ஓயவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது. எல்லாக் குடியையும் நிறுத்தினால் அது ஒரு கொள்கை. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினால் அதுவும் ஒரு கொள்கை. வாசலில் எண்ண முடிந்ததை விற்று, எண்ண முடியாததை மட்டும் குற்றமாக்கினால் அதற்குப் பெயர் மதுவிலக்கு இல்லை. வசூல்.

1987-ல் 25 வயதில் மரம் ஏறிய ஒருவருக்கு இன்று 60 தாண்டிவிட்டது. ஜனவரி 1, 2027 வந்தால் தடைக்கு 40 வயது. எத்தனை முறை தட்டினால் பாளை இளகும், எந்தப் பக்கம் சீவினால் சாறு நிற்காது என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. கையில் இருக்கிறது. நாளைக்கே சட்டம் மாறினாலும் ஏறுவதற்கு ஆள் இருக்க வேண்டும். மெக்சிகோவில் ஒளிந்து வடித்தாவது அந்தக் கை தப்பியது. கொலிமாவில் இன்றும் பிலிப்பைன்ஸ்காரர்கள் விட்டுப்போன தென்னங்கள்ளை டூபா என்ற பெயரில் தெருவில் விற்கிறார்கள்.

சாயங்காலம் ஜீப்புகள் மலையிறங்கும். போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் கள்ளு ஷாப்புகள். இந்தப்பக்கம் அடிவாரம் வந்ததும் டாஸ்மாக். இரண்டுக்கும் நடுவே, கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க, யாரும் ஏறாத பாளைகளோடு தென்னைகள் நிற்கின்றன.